லைட்டருக்குள் அடைபட்ட காற்று

(நூலக வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேஸ் நிரப்பிப் பயன்படுத்தும் பியூட்டேன் லைட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நகைப் பட்டறையில், செல்போன் பழுது பார்க்கும் கடையில், பல் செட் செய்யும் கூடத்தில், ஹோட்டல் அடுக்களையில், காற்றடிக்கும் மொட்டை மாடியில் கற்பூரம் ஏற்றும் இடத்தில் என்று பல கைகளில் புழங்கும் சாமான் இது. கொஞ்ச நாள் நன்றாக எரியும். பிறகு ஒரு நாள் சீறும், ஆனால் பற்றாது. அல்லது குபீரென்று எழும்பி அணைந்துவிடும். மறுபடி கேஸ் அடித்துப் பார்ப்போம். அப்படியும் எரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவோம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: இப்படிக் கைவிடப்படும் லைட்டர்களில் பெரும்பாலானவற்றில் எந்தப் பாகமும் உடைந்திருப்பதில்லை. உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. கேஸ் அடிக்கும்போது நாமேதான் அதை உள்ளே வைத்து அடைக்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வீடுகளில் ‘கேஸ் லைட்டர்’ என்றால் அடுப்பருகே தொங்கும் நீளக் குழல்தான் நினைவுக்கு வரும். அதில் கேஸ் கிடையாது. அமுக்கினால் பொறி தட்டும், எரிவது அடுப்பு கேஸ். அதன் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கும் பால் பொங்கி வழிந்த ஈரமும் ஏறினால் பொறி மங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வைத்து எடுத்தால் போதும். பஞ்சில் எண்ணெய் ஊற்றித் திரி எரிக்கும் ஸிப்போ ரகமும் வேறு. இன்றைய பேச்சு அடியில் ஒரு சின்ன வால்வும் நடுவில் தொட்டியும் மேலே நாசிலும் உள்ள ரகத்தைப் பற்றியது.

அந்தத் தொட்டியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பழுது பார்ப்பது பாதி முடிந்த மாதிரி. பியூட்டேன் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மூடிய தொட்டிக்குள் அடைத்தால், தன் ஆவியின் அழுத்தத்தாலேயே மீதியைத் திரவமாக அடக்கி வைத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு. இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் மெல்லிய சுவருள்ள தொட்டியில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாட முடிகிறது. புரொப்பேனுக்கு இதே வெப்பத்தில் 10 மடங்குக்கு மேல். நம் சமையல் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. வீட்டு சிலிண்டரிலிருந்தே லைட்டருக்கு அடித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. லைட்டர் தொட்டி அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதில்லை.

இப்போது காற்றுக்கு வருகிறேன். கேஸ் தீர்ந்த தொட்டி காலியாக இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அதில் மிச்ச ஆவி இருக்கிறது. அதோடு முன்பு நிரப்பியபோது கேஸ் கேனின் மூக்கு வழியாகவும், சரியாகப் பொருந்தாத அடாப்டரின் இடுக்கு வழியாகவும் ஏறிய காற்றும் இருக்கிறது. புதிதாகத் திரவத்தைச் செலுத்தும்போது இவை இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பியூட்டேன் ஆவியை நெருக்கினால் அது திரவமாகி இடம் விட்டுவிடும். காற்று திரவமாகாது. நெருக்க நெருக்க எதிர்த்து நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி முழுக்கச் சாதாரண அழுத்தத்தில் காற்று இருக்கிறது என்று வையுங்கள். பாதித் தொட்டிக்குத் திரவம் ஏறினால் அந்தக் காற்றின் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. முக்கால் தொட்டி ஏற வேண்டுமானால் நான்கு மடங்கு. பியூட்டேனின் சொந்த ஆவி அழுத்தம் வேறு அதோடு சேரும். வெளியே கேனுக்குள் இருந்து தள்ளுவதோ 2.8 மடங்குதான். எப்படி ஏறும்?

ஏறாது. கேன் சீறுகிறது, விரல் ஜில்லிடுகிறது, வழிந்த திரவம் புகை மாதிரி பறக்கிறது. நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே கொஞ்சம் திரவமும் அதன் மேல் அமுங்கிக் கிடக்கும் காற்றும்தான். பற்றவைத்தால், அந்தக் காற்று திரவத்தை அளவுக்கு மேல் நெருக்குவதால் சுடர் ஒரு கணம் தாறுமாறாக எழும்புகிறது. பிறகு காற்றே கேஸோடு கலந்து வெளிவருவதால் சுடர் துடித்து அணைகிறது. இரண்டு நாளில் தீர்ந்தும் போகிறது. மறுபடி அதன் மேலேயே அடிக்கிறோம், இன்னும் கொஞ்சம் காற்று சேர்கிறது. லைட்டர் பழசாகிவிட்டது என்று நாம் சொல்லும் நோய் பல நேரம் இதுதான்.

ஆகவே நிரப்புவதற்கு முன் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைத்தான் இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெட்டவெளிக்கு வாருங்கள். சுற்றுவட்டத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவும், பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாசல் கதவைத் திறந்து வைத்த அடுக்களை வெட்டவெளி ஆகாது.

சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகை முதலில் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். லைட்டரைத் தலைகீழாக, வால்வு மேலே பார்க்கும்படி பிடியுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கடிகாரக் கடையில் வைத்திருக்கிற மாதிரிச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் வால்வின் நடுத்தண்டை நேராக அமுக்குங்கள். உஸ் என்று வரும். திரவம் மிச்சமிருந்தால் துளித்துளியாகத் தெறிக்கும், வால்வைச் சுற்றி வெள்ளையாகப் பனி படியும். சத்தம் நின்றதும் விட்டுவிடாதீர்கள். சில வினாடி பொறுத்து மறுபடி அமுக்குங்கள், இன்னொரு மூச்சு வரும். மிச்சத் திரவம் ஆவியாகி, தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியேறுவது அது. சத்தமே வராமல் போகும் வரை இப்படிச் செய்யுங்கள். ஜில்லிட்ட திரவ கேஸ் தோலில் பட்டால் கொப்புளம் வரும், கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது தொட்டியைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். ஆவியான கேஸ் தனக்கு வேண்டிய வெப்பத்தை அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனது. இந்தக் குளிர் தணிவதற்குள் நிரப்ப வேண்டும். குளிர்ந்த தொட்டிக்குள் ஆவி அழுத்தம் குறைவு, அறை வெப்பத்தில் இருக்கும் கேனுக்குள் அதிகம். அந்த வித்தியாசம்தான் திரவத்தை உள்ளே தள்ளுகிறது. இதற்காகவே லைட்டரை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கசியும் லைட்டரும் மூடிய பெட்டியும் உள்ளே மின் ஸ்விட்சும் சேர்ந்து இருப்பது நல்லதில்லை. காலி செய்யும்போது கிடைக்கும் குளிர்ச்சியே போதுமானது.

கேனைக் குலுக்காதீர்கள். கேனின் மூக்கை ஒரே ஒருமுறை வெளியே லேசாக அமுக்கி, அதில் நிற்கும் காற்றை விரட்டுங்கள். லைட்டர் வால்வு மேலே பார்த்தபடி இருக்க, கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டும் செங்குத்தாக ஒரே கோட்டில் இருக்கும்படி அழுத்துங்கள். சாய்த்தால் இடுக்கு விழும், கசியும், காற்றும் ஏறும். அழுத்திய அழுத்தில் நான்கைந்து வினாடி அப்படியே வைத்திருங்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி குத்திக் குத்தி எடுக்கக் கூடாது. திரவம் பக்கவாட்டில் துப்ப ஆரம்பித்தால் போதும், நிறுத்திவிடுங்கள். தொட்டி விளிம்புவரை நிறையவே கூடாது. லைட்டர் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 9994 என்ற சர்வதேசத் தரம், திரவம் தொட்டியின் கொள்ளளவில் 85 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெயிலில் திரவம் விரியும்போது அதற்கு இடம் வேண்டும்.

நிரப்பியதும் பற்றவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடமாவது லைட்டரை ஓரமாக வைத்துவிடுங்கள். வெளியே வழிந்தது பறந்துபோகவும், உள்ளே குளிர்ந்து கிடப்பது அறை வெப்பத்துக்கு வரவும் அந்த நேரம் வேண்டும். பிறகு, குறைந்தபட்சத்தில் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் எரியாவிட்டால்? அப்போது காதைக் கொடுக்க வேண்டும். பொத்தானை மெதுவாக அமுக்கினால் இரண்டு சத்தம் கேட்க வேண்டும்: முதலில் கேஸின் சீறல், அடுத்து பொறியின் ‘டக்’. சீறல் இருந்து பொறி இல்லாவிட்டால் ஒரு பழுது. பொறி இருந்து சீறல் இல்லாவிட்டால் வேறு பழுது. இருட்டறையில் வைத்துப் பார்த்தால் பொறி எங்கே பாய்கிறது என்பதும் தெரியும்.

பொறி தட்டுவதில் இரண்டு ரகம். உருளைச் சக்கரத்தைக் கட்டை விரலால் சுழற்றும் ரகத்தில் இருப்பதைக் கல் என்கிறோம். அது தரையில் கிடைத்த கல் இல்லை. சீரியமும் இரும்பும் கலந்த உலோகம். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் 1903-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்த் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டிய மேண்டிலும் அவர் வழியாக வந்ததுதான். மேண்டிலுக்காக மோனசைட் மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்தெடுத்தபின் சீரியம் நிறைந்த கழிவு மலைபோல் மிஞ்சியது. அதற்கு ஒரு பயன் தேடிப் போனவருக்குக் கிடைத்ததுதான் இந்தக் கல். பின்னால் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் மோனசைட் இருப்பது தெரியவந்து, நம் மணலும் அந்தத் தொழிலுக்காக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. ஐந்து ரூபாய்க் கல்லுக்குள் இவ்வளவு வரலாறு இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அந்தக் கல்லுக்கு ஈரம் ஆகாது. கடலோர ஊர்களில் லைட்டரைப் பல மாதம் சும்மா வைத்திருந்தால் கல் உப்பிப் பொடியாகிச் சக்கரத்தை இறுக்கிவிடும். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றினால் கல் தேய்ந்துவிட்டது. இறுகிச் சுற்றாவிட்டால் பொடி அடைத்திருக்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷால் சக்கரத்தின் பற்களைத் துலக்குங்கள். கல்லை மாற்றும்போது அதன் கீழே இருக்கும் ஸ்பிரிங் விசையோடு தெறித்து வரும், கவனம்.

இன்னொன்று பீசோ ரகம். சில படிகங்களை நெருக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880-ல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். லைட்டருக்குள் ஒரு குட்டிச் சுத்தியல் ஸ்பிரிங் விசையில் பீங்கான் துண்டொன்றை அடிக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து, ஒரு கம்பி நுனியிலிருந்து நாசிலுக்குப் பாய்கிறது. மின்சாரம் எளிய வழியைத்தான் தேடும். கம்பி வளைந்து பக்கத்து உலோகத்துக்கு அருகில் போய்விட்டால் பொறி அங்கே பாய்ந்துவிடும். கேஸ் வரும் இடத்துக்கு வராது. கரியும் சட்டைப் பைப் பஞ்சும் படிந்திருந்தாலும் அதே கதை. கேஸ் காலியாக இருக்கும்போது பிரஷால் துலக்கி, கம்பி நுனியை இடுக்கியால் அணுவளவு நகர்த்தி, பொறி நாசிலின் வாய்க்கு நேராகப் பாயும்படி செய்யுங்கள். எப்படி அமுக்கினாலும் பொறியே வராவிட்டால் பீங்கான் விரிசல் விட்டிருக்கும். அதை ஒட்டவைக்க முடியாது.

பொறி இருந்து சீறல் இல்லாவிட்டால் நாசில் அடைத்திருக்கலாம். நீலச் சுடர் விடும் ஜெட் லைட்டரில் அந்தத் துளை மிக மிக நுணுக்கமானது. ஒரு பங்கு பியூட்டேன் முழுதாக எரிய 31 பங்கு காற்று வேண்டும். அந்தக் காற்றைப் பக்கத் துளைகள் வழியாக இழுத்துக் கலப்பது நாசிலிலிருந்து பாயும் கேஸின் வேகம்தான். குண்டூசியை விட்டுக் குடைந்தால் துளை அகன்று, கலவை மாறி, நீலச் சுடர் மஞ்சளாகிப் புகையும். ஊசியைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் கீபோர்டு சுத்தம் செய்யும் காற்றுக் குமிழால் ஊதினால் போதும்.

அடைப்பு எங்கிருந்து வருகிறது? பல நேரம் மலிவான கேஸிலிருந்து. அதில் எண்ணெய்ப் பிசுக்கு கலந்திருக்கும். கேஸ் ஆவியாகிவிடும், பிசுக்கு நாசிலில் தங்கிவிடும். கேன்மேல் எத்தனை முறை சுத்திகரித்தது என்று அச்சடித்திருந்தாலும் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். வெட்டவெளியில் துடைத்த முகக்கண்ணாடித் துண்டின்மேல் கொஞ்சம் அடியுங்கள். முதலில் பனி பூக்கும், பிறகு ஈரம் படரும். எல்லாம் உலர்ந்தபின் கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமான கேஸ் சுவடு விடாது. எண்ணெய் வளையம் தெரிந்தால் அந்தக் கேனை லைட்டருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

குளிர் பிரதேசத்துக்குப் போகும்போது வரும் சங்கடம் தனி. ஊட்டியில் தை மாதக் காலையில் லைட்டர் எரியாவிட்டால் அது பழுதில்லை. குளிரில் பியூட்டேனின் அழுத்தம் சரிந்துவிடுகிறது. உயரம் போகப் போகக் காற்றும் மெலிவதால் ஜெட் சுடர் நிலைப்பதில்லை. உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றி, திருகைக் குறைத்து வைத்துப் பற்றவையுங்கள்.

கசிவைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். நிரப்பிய லைட்டர் பயன்படுத்தாமலே காலியாகிறது என்றால், வால்வில் சோப்புத் தண்ணீர் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் கசிவு. மெதுவான கசிவைக் கண்டுபிடிக்க நகைக்கடைத் தராசில் எடை போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கியிருந்தால் இப்படி ஆகும். சில லைட்டர்களில் வால்வைக் கழற்றி மாற்றலாம். மாற்ற முடியாவிட்டால் அந்த லைட்டரோடு போராட வேண்டாம். சிக்கனத்தைவிட நம் கை முக்கியம், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை முக்கியம்.

சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் லைட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 65 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏழு மடங்கை எட்டும். ஐ.எஸ்.ஓ. தரத்தில் 65 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. அதில் தேறாத மலிவுச் சரக்கு என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கேஸ் நிரப்பும் கேனை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டும் அனுப்ப முடியாது.

அடியில் வால்வே இல்லாத, ஒருமுறை எரித்து எறியும் பிளாஸ்டிக் லைட்டர்களைத் துளை போட்டு நிரப்பிக் கொடுப்பவர்கள் சில ஊர் நடைபாதைகளில் இருக்கிறார்கள். அவர்களின் கைத்திறன் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பிளாஸ்டிக் மறுமுறை நிரப்புவதற்காகச் செய்யப்பட்டதில்லை. அந்த ரகம் வேண்டாம் என்பதற்கு நமக்கு வேறு காரணமும் இருக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை அது நெருக்கியது. 2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பிளாஸ்டிக் லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்று குறிப்பிட்டார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் தடை வந்தது. விளக்கேற்ற, அடுப்பு மூட்ட நமக்குத் தீப்பெட்டி போதும். பட்டறைக்கோ கடைக்கோ லைட்டர் தேவைப்படுகிறவர்கள் நிரப்பக்கூடிய, பாகம் மாற்றக்கூடிய ஒன்றை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருங்கள்.

கடைசியாக, வேலைக்கு ஆகாத லைட்டரைக் குப்பையில் போடுவதற்கு முன் வெட்டவெளியில் முழுக்கக் காலி செய்யுங்கள். வால்வே இல்லாத ரகத்தில் பொறி தட்டாமல் கேஸ் பொத்தானை மட்டும் அமுக்கிப் பிடித்தால் மெல்ல வெளியேறிவிடும். கேஸ் மிச்சமிருக்கும் லைட்டர், கொளுத்தப்படும் குப்பைக்குள் கிடந்தால் வெடிக்கும். அந்தக் குப்பையின் அருகில் நிற்பவர் நம் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளராகத்தான் இருப்பார்.

பேச்சு போதும். வெளியே மைதானத்து மேசையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், சோப்புத் தண்ணீர், கண்ணாடித் துண்டு, தராசு எல்லாம் வைத்திருக்கிறேன். எரியாத லைட்டரைக் கொண்டுவந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள். பீடி, சிகரெட் பற்றவைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து மரத்தடியிலேயே நின்றுகொள்ளுங்கள்.